இரண்டு பச்சை, ஒரு சிவப்பு

அருளம்பலத்தார் மூன்று வசந்த காலமும் வான்கோழிக்கு மேலே இருந்த ஆகாயத்தைத்தான் சுட்டார்.

கோழிகள் பிழைத்துப் போயின. போனது அவருடைய மானம். மருமகன் நிரோஜன் போன வருடம்தான் முதல் தடவையாகக் காட்டுக்கு வந்தான். வந்த அன்றே ஒன்றை விழுத்தினான். அதிலிருந்து வீட்டில் கோழிக்கறி வைக்கும் நாளெல்லாம், "மாமா, இது கடைக் கோழிதானே?" என்று ஒரு கேள்வி வரும். மகள் துஷாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பெற்ற மகளே சிரித்தால் ஒரு மனிதன் எங்கே போய் முறையிடுவது?

துப்பாக்கியைத் துவக்கு என்று சொல்லும் ஊரிலிருந்து வந்தவர் அவர். அங்கே துவக்கைக் கண்டால் வேலிக்குள் பதுங்கியவர், ரொறன்ரோவில் கொத்துரொட்டிக் கடை போட்டு, தலை நரைத்த பிறகு தானே ஒன்றை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அவரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்வார்.

அவருடைய குரு அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் ஜெயகௌரி. புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களுக்குத் துவக்குப் பிடிக்கவும் பிடித்த துவக்கைக் கீழே வைக்கவும் சொல்லிக்கொடுப்பவர். பேச்சு மட்டும் கஞ்சத்தனம். மூன்று வருடத்தில் அவர் அருளம்பலத்தாருக்குச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று.

"ரீச்சர், எனக்கு ஏன் ஒண்டும் விழுகுதில்லை?"

"தலையைத் தூக்கிறீங்கள்."

"நானோ?"

"கோழியைப் பாக்கிற ஆசையில கன்னம் துவக்குக் கட்டையை விட்டு எழும்புது. கன்னம் எழும்பினால் சூடு மேலால போகும்."

"அப்ப என்ன செய்ய?"

"தூக்காதேங்கோ."

தூக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. கோழி வந்து நின்றதும் கழுத்து தானாக நீண்டுவிடும். கோழியின் கழுத்தும் நீளும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு வெடிச் சத்தம் கேட்கும், கோழி பறக்கும், மருமகன் சிரிப்பான்.

நாலாவது வசந்தத்துக்கு முன்பு அருளம்பலத்தார் ஒரு சின்னப் பெட்டியோடு குருவின் வீட்டுக்குப் போனார்.

அவருடைய துவக்கில் குறி பார்ப்பதற்கு இருந்தது நுனியில் பாசி போல ஒரு பித்தளை மணி மட்டும். தலை எங்கே இருந்தாலும் மணி தெரியும். அதுதான் சிக்கல். பெட்டியில் வந்தது குறி பார்க்கும் புது சைட். கண்ணுக்குக் கிட்ட இரண்டு பச்சைப் புள்ளி, நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. கன்னம் கட்டையில் அழுந்தியிருந்தால்தான் சிவப்பு இரண்டு பச்சைக்கும் நடுவில் வந்து உட்காரும். தலையைத் தூக்கினால் வரிசை குலைந்துவிடும்.

அதைத் துவக்கில் பூட்டியே கொண்டுவந்திருந்தார். பெட்டி சும்மா காட்டுவதற்கு.

"ஆர் பூட்டினது?"

"நான்தான்."

ஜெயகௌரி பின் சைட்டை நகத்தால் தட்டினார். அது மெல்ல அசைந்தது. அருளம்பலத்தாரின் முகமும் கொஞ்சம் அசைந்தது.

"எண்ணெய் துடைச்சனீங்களோ?"

"இல்லை."

"கழட்டுங்கோ."

கழற்றினார். திருகாணித் துளைகளில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி முடுக்கினார். குரு கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு திருகாணியைக்கூட அவர் தொடவில்லை.

மறுநாள் மண் அணைக்கு முன்னால் பலகை நட்டு, வான்கோழித் தலை அச்சடித்த தாளை ஒட்டிச் சுட்டார்கள். சன்னங்கள் எல்லாம் இடப்பக்கம் கூட்டமாக விழுந்தன. அருளம்பலத்தார் பின் சைட்டை இடப்பக்கம் தள்ளினார். அடுத்த சூடு இன்னும் இடப்பக்கம் போனது.

"சூடு எந்தப் பக்கம் போகவேணுமோ, பின் சைட்டும் அந்தப் பக்கம் போகவேணும்" என்றார் குரு.

வலப்பக்கம் தள்ளினார். தாளில் இருந்த தலை சல்லடையானது. அருளம்பலத்தார் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தார். அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரம் முழுக்கச் சுட்டார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் ஜெயகௌரி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"என்ன தெரியுது?"

முதல் நாள் அவர், "தாள், பலகை, மண் அணை, அங்கால ஒரு வேலிக்கட்டை, அதில ஒரு காகம்" என்றார்.

பிறகு, "தாளும் பலகையும்" என்றார்.

கடைசி நாள் கன்னத்தைக் கட்டையில் புதைத்தார். இரண்டு பச்சை, நடுவில் சிவப்பு, சிவப்பின் மேலே தலை.

"என்ன தெரியுது?"

"தலை மட்டும்தான், ரீச்சர். வேறை ஒண்டும் தெரியேல்லை."

இந்தப் பதிலுக்கு ஒரு சபாஷ் கிடைக்கும் என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் எதிர்பார்க்கும். அருளம்பலத்தாரும் காத்திருந்தார். குரு ஒன்றும் சொல்லவில்லை. பேசாதவர் பேசாமல் இருந்தால் அதைச் சபாஷ் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் தயாரோ?"

"காட்டில கேளுங்கோ."

காட்டுக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் துஷாரா தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கு ஏழு மாதம்.

"அப்பா, கோழி கிடைக்காட்டிலும் பரவாயில்லை. இவரை ஒழுங்காக் கொண்டுவந்து சேருங்கோ. இவர் ஒரு இடத்தில இருக்கிற ஆள் இல்லை."

"என்ர பொறுப்பு, பிள்ளை" என்றார் அருளம்பலத்தார்.

காலையில் மூன்று பேரும் காரை விட்டு இறங்கினார்கள். ஜெயகௌரி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். நிரோஜன் கையில் எவர்சில்வர் பிளாஸ்க் இருந்தது. மனைவி பால் விடாமல் இஞ்சி போட்டு ஊற்றிக் கொடுத்த பிளேன்ரீ.

"அதைக் காரில விடுங்கோ. மினுங்கும்."

"சரி ரீச்சர்" என்றவன், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை ஜாக்கெட்டுக்குள் செருகினான்.

"நீங்கள் ஓடைக்கரையில. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் எழும்பக் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது." பிறகு மாமனாரைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "மாமா, இந்த முறையாவது ஆகாயத்துக்குக் காயம் வராமல் பாருங்கோ."

அருளம்பலத்தாருக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தார்.

ஓடைக்கு இப்பால் ஒரு மேடு. அவரும் குருவும் அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். முன்னால் முழங்கால் உயரத்துக்கு இறகு போல விரிந்த பன்னச் செடி. ஜெயகௌரி மரப்பெட்டி ஒன்றைத் தேய்த்துப் பெட்டைக்கோழியின் குரலை எழுப்பினார். தூரத்தில், மேட்டுக்கு அப்பாலிருந்து சேவல் கொளகொளவென்று பதில் சொன்னது.

நிரோஜனும் அதைக் கேட்டான். சேவல் அவனுக்குக் கிட்டத்தான் இருந்தது. ஆனால் அவனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு எழும்பினான். குனிந்து குனிந்து அதன் பின்னாலேயே மேடேறினான். மேட்டு உச்சியில் அதைத் தவறவிட்டு, இனி வராது என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான். உடம்பு முழுக்க இலை நிறத்து உடுப்பு, முகத்தில் வலை. அங்கே ஒரு மனிதன் இருப்பது பக்கத்து மரத்துக்கே தெரியாது.

அருளம்பலத்தாருக்கும் தெரியாது.

சேவல் மறுபடி கத்தியது. இந்த முறை கிட்ட. அருளம்பலத்தார் துவக்கை முழங்காலின் மேல் தாங்கினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். கன்னத்தைக் கட்டையில் வைத்து அழுத்தினார். வலித்தது. இன்னும் அழுத்தினார்.

பன்னச் செடிக்கு மேலே தலை எழும்பியது. சிவப்பு, வெள்ளை, கொஞ்சம் நீலம். ஒரு தென்னையைச் சாய்த்துப் போட்டால் எட்டும் தூரம்.

அவர் தலையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கழுத்து சொன்னபடி கேட்டது. இரண்டு பச்சை. நடுவில் சிவப்பு வந்து உட்கார்ந்தது. சிவப்பின் மேலே கோழியின் தலை வந்து உட்கார்ந்தது. விசையைப் பூட்டியிருந்த லொக்கை மெல்ல எடுத்தார்.

காதோரம் குருவின் குரல், மூச்சளவுக்கு வந்தது.

"என்ன தெரியுது?"

"தலை."

"வேறை?"

"தலை மட்டும். வேறை ஒண்டும் தெரியேல்லை."

விரல் விசைக்குள் போனது. சேவல் அசையாமல் நின்றது. மூன்று வருடமாக வராத நிமிஷம் வந்து அவருக்கு முன்னால் நின்றது.

ஜெயகௌரியின் உள்ளங்கை மெல்ல வந்து பின் சைட்டை மூடியது. இரண்டு பச்சையும் காணாமல் போயின.

"தலையைத் தூக்குங்கோ" என்றார்.

அருளம்பலத்தாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருடமாகத் தூக்காதே, தூக்காதே என்று உயிரை எடுத்துவிட்டு, தூக்காமல் இருந்த ஒரே ஒரு நாளில் தூக்கு என்றால்? கையைத் தட்டிவிடலாமா என்று நினைத்தார். விரல் இன்னும் விசையில்தான் இருந்தது.

"தூக்குங்கோ, அண்ணை."

தூக்கினார்.

முதலில் முழுக் கோழியும் தெரிந்தது. எவ்வளவு பெரிய கோழி! பிறகு பன்னச் செடி, அதற்குப் பின்னால் மேடு ஏறுவது, மேட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு மரம். கோழிக்கு நேர் பின்னால், இன்னொரு தென்னை தூரத்தில்.

அந்த மரத்தடியில் ஏதோ மினுங்கியது. எவர்சில்வர் மூடி ஒன்று தரையிலிருந்து தானாக எழும்பி, அந்தரத்தில் நின்று, ஆவி பறக்கச் சாய்ந்தது.

அதைப் பிடித்திருந்த கையை அவர் பிறகுதான் கண்டார். கைக்குப் பின்னால் விலக்கிய வலையை, வலைக்குள் வாயை, வாய்க்கு மேலே தன் மகளின் புருஷனை.

விரல் விசையை விட்டு வெளியே வர மறுத்தது. இடது கையால் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது. லொக்கைப் போட்டார். தோட்டாவைக் கழற்றும்போது அது கை நழுவி இலைச் சருகில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் சேவல் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி மறைந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"நிரோஜன்" என்றார் அருளம்பலத்தார். கையை நீட்டிக் காட்டினார்.

ஜெயகௌரி துவக்கை வாங்கி, வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மரத்தில் சாத்தினார். பிறகு உரத்த குரலில், "நிரோஜன், அசையாதேங்கோ. நாங்கள் இங்கை இருக்கிறம்" என்றார். துவக்குகள் எல்லாம் வெறுமையான பிறகுதான் அவனை வரச் சொன்னார்.

வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, கோழி உங்கட பக்கம்தான் வந்தது! காணேல்லையோ? இந்த முறையும் விட்டிட்டீங்களோ?"

அருளம்பலத்தார் அவனைப் பார்த்தார்.

"விட்டிட்டன், தம்பி" என்றார்.

"சரி விடுங்கோ. பிளேன்ரீ இருக்கு, குடியுங்கோ" என்று மூடியில் ஊற்றி நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியும் பாதி கீழே சிந்தியது. மாமாவுக்குக் குளிர் என்று நிரோஜன் நினைத்துக்கொண்டான்.

அவன் முன்னால் போய்ச் சாமான்களைக் காரின் பின்னால் ஏற்றினான். பாட்டு ஒன்றைச் சீட்டியடித்தான். அருளம்பலத்தார் கார்க் கதவுக்குப் பக்கத்தில் துவக்கை மடியில் வைத்து உட்கார்ந்தார். பின் சைட்டில் கைவிரலை வைத்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

"இதைக் கழட்டவோ, ரீச்சர்?"

"ஏன்? அது நேராத்தானே நிக்குது."

அருளம்பலத்தார் மருமகன் சீட்டியடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் அவனைக் கண்டுதானே என்னை மறிச்சனீங்கள்?"

"இல்லை. நான் இருந்த பக்கத்தால அந்த மரமே தெரியாது."

"காணாமலோ மறிச்சனீங்கள்?"

ஜெயகௌரி துவக்கை அவர் மடியிலிருந்து எடுத்து உறைக்குள் போட்டு மூடினார்.

"வேறை ஒண்டும் தெரியேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அண்ணை."