காலை என்ற சொல்

அம்பலவாணர் கல்லூரியில் முப்பத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர். ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு வடிவாம்பாளின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆசிரமம் என்றதும் மலையையும் அருவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்களுக்கு அங்கே தினமும் மதியம் கஞ்சி ஊற்றுவார்கள். வடிவாம்பாளுக்கு வயது நாற்பத்தொன்று. குரு என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவார். அம்பலவாணர் அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். ஆகவே சீடரை அவர் ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டார். சீடர் அவரை ‘அம்மா’ என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் ஏதும் இல்லை.

வந்த அன்றே அம்பலவாணர் கேட்டார்.

“அம்மா, கருணையைப் பற்றி நிறைய வாசித்துவிட்டேன். ஆனாலும் எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை. எந்த நூலிலிருந்து மறுபடி தொடங்கட்டும்?”

“உங்களுக்கு வாசிக்க நல்லா வருமா ஐயா?”

“அது ஒன்றுதான் நன்றாக வரும்.”

“அப்ப எதிர்ல ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லுங்க. எழுத்துத் தெரியாதவங்க வருவாங்க. அவங்களுக்கு வாசிச்சுச் சொல்லுங்க.”

“எதை?”

“அவங்க எதை நீட்டுறாங்களோ அதை.”

மறுநாள் ஒரு நாற்காலியோடு போய் வாசலில் உட்கார்ந்தார். முதலில் வந்தவர் கையில் சீட்டுடன் ஒரு ஆட்டு வியாபாரி. அம்பலவாணர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் பார்த்தார்.

“வலப்புறம் திரும்பி, இரண்டாம் தளத்தில் உள்ள கதிர்வீச்சுப் படப்பிடிப்புப் பிரிவை அணுகவும்.”

வியாபாரி அவர் முகத்தைப் பார்த்தார்.

“சாமி, கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க.”

சாயங்காலம் இதைக் கேட்ட வடிவாம்பாள், கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்பலவாணருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் நாற்காலியை எடுத்துப் போகவில்லை. சீட்டைக் காட்டியவர்களுடன் எக்ஸ்ரே அறை வரைக்கும் அவரே நடந்தார்.

அப்படித்தான் பூவாயி வந்தாள். மலையடிவாரத்து ஊர்க்காரி. அவள் புருஷன் பொன்னுரங்கம் புளியமரத்தில் ஏறி உலுக்கும்போது கிளையோடு விழுந்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வார்டில் கிடந்தான். முழங்காலைத் தினமும் மடக்காவிட்டால் அது அப்படியே நின்றுபோகும், அப்புறம் மரம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்திருந்தாள். அதில் நான்கு வரிகள் அச்சடித்திருந்தன.

அம்பலவாணர் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்தார். வகுப்பிலிருந்து வந்த பழக்கம்.

“காலை, மாலை இருவேளையும் செய்க. காலை மெதுவாக நீட்டி மடக்குக...”

பூவாயி தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் அதே தாளோடு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். இரண்டு நாளும் அவர் மூன்று வரியோடு நிறுத்திக்கொண்டார். நான்காம் நாள் அவர் இரண்டு வரி வாசித்துவிட்டு, “மீதியும் அப்படித்தான்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாம் நாளும் அவள் வந்து நின்றபோது, பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

“நேற்றும் இதைத்தானே வாசித்தேன்? இன்றைக்கு எழுத்து மாறிவிடுமா?”

பூவாயி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி நடந்தாள்.

பிறகு இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம், கஞ்சிக்கு வரிசையில் நின்றபடி அம்பலவாணர் இந்தச் சங்கதியை வடிவாம்பாளிடம் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“கேட்டேன் அம்மா. இன்றைக்கு எழுத்து மாறிவிடுமா என்று. அதோடு நின்றுவிட்டாள்.”

வடிவாம்பாள் அடுத்தவருக்குக் கஞ்சி ஊற்றினார். வரிசை நகர்ந்தது. அம்பலவாணர் தட்டை நீட்டினார். அகப்பை அண்டாவிலேயே நின்றது.

“நேத்தே ஊத்தினோமே ஐயா.”

“நேற்றா?”

“அதே கஞ்சிதான். இன்னைக்கு மாறிடுமா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்பலவாணருக்குக் காது மடல் சூடானது. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தார்.

எலும்பு முறிவு வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. கடைசிக் கட்டிலுக்கு அருகில் பூவாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் அக்கா அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நடுவில் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. பூவாயியின் விரல் அதன்மேல் நகர்ந்தது.

“இது காலை. இதுவும் காலை. மேல இருக்கிறது பொழுது. கீழ இருக்கிறது இவரு காலு.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. எப்படிடி தெரியும்?”

“அதைத்தான் ஐயாகிட்டக் கேட்கணும்னு போனேன். கோவிச்சுக்கிட்டாரு.”

அம்பலவாணர் அவர்களுக்குப் பின்னால் அப்படியே நின்றார். ‘காலை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று முப்பத்தாறு ஆண்டுகள் அவர் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். இதை வந்து கேட்க வேண்டும் என்று இதுவரை ஒரு மாணவனும் அவரைத் தேடி வந்ததில்லை.

“எப்படிம்மா கத்துக்கிட்டீங்க?” என்றார். அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

பூவாயி திடுக்கிட்டு எழுந்தாள்.

“நீங்க விரலை வச்சு வச்சு வாசிப்பீங்களே ஐயா. ஒரு நாளைக்கு ஒரு சொல்லுன்னு பார்த்து மனசுல வச்சுக்கிட்டேன். கடைசி வரிதான் தெரியலை. முத நாளு நீங்க வாசிச்சப்போ பயத்துல காதுல விழலை. அப்புறம் நீங்க அந்த வரிக்கே வரலை.” கொஞ்சம் தயங்கினாள். “அதுல வீங்கினா என்ன செய்யணும்னு ஏதாச்சும் போட்டிருக்கா?”

“ஏன்?”

அவள் போர்வையை விலக்கினாள். பொன்னுரங்கம், “ஏய், சும்மா இரு புள்ளே” என்று அதட்டினான். பாதம் உப்பியிருந்தது. விரல்கள் மங்கிப்போயிருந்தன. மறுபடியும் அறுப்பார்கள் என்று பயந்து, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவன் அதைப் போர்வைக்குள் மறைத்து வைத்திருக்கிறான். நர்ஸ் வந்து கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருக்கிறான்.

அம்பலவாணர் தாளை எடுத்துக் கடைசி வரியை வாசித்தார்.

“கால் வீங்கினாலோ விரல் மரத்தாலோ உடனே செவிலியரிடம் கூறுக.”

வாசித்து முடிக்கும் முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அறுபத்து மூன்று வயதில் அவர் அப்படி ஓடியதை வார்டே வேடிக்கை பார்த்தது.

டாக்டர் வந்தார். கட்டு இறுகிப்போயிருந்தது. வெட்டித் தளர்த்தினார்கள், ஊசி போட்டார்கள், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள். நர்ஸ் பொன்னுரங்கத்தை வாய் ஓயாமல் திட்டினாள். மூன்று மணி வாக்கில் விரல்களுக்குப் பழைய நிறம் திரும்பியது.

“இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா விரலுக்கு ஆபத்து” என்றார் டாக்டர்.

அம்பலவாணர் ஆசிரமத்துக்குத் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

“கடைசி வரியை விழுங்கிவிட்டேன் அம்மா.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்லை.”

வடிவாம்பாள் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். ஆறிப்போச்சு. பரவாயில்லையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். வடிவாம்பாள் துவையலும் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை அம்பலவாணர் தன் புத்தகப் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாமே உரை நூல்கள். மூடிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு குழந்தைக் கதைப் புத்தகம் வாங்கி வந்தார். தும்மல் வந்து, தும்ம முடியாமல் திண்டாடும் ஒரு யானையின் கதை.

மதியம் இரண்டு மணிக்கு வார்டு வராந்தாவில் பாடம் தொடங்கியது. முதலில் பூவாயிக்குச் சேர வேண்டிய பதிலைச் சொன்னார்.

“கூட நிற்கிற சொல்லைப் பாருங்கம்மா. ‘மாலை’ கூட நின்னா அது பொழுது. ‘நீட்டி’ கூட நின்னா அது கால்.”

பூவாயிக்குச் சட்டென்று பிடிபட்டது.

“எங்க ஊர்ல ரெண்டு மாரப்பன் இருக்காங்க ஐயா. பின்னாடி வர்ற மாட்டைப் பார்த்துத்தான் எந்த மாரப்பன்னு சொல்லுவோம். அது மாதிரியா?”

“அது மாதிரியேதான்” என்றார் அம்பலவாணர். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

முதல் நாள் இரண்டு பேர். வார முடிவில் ஒன்பது பேர். பாடம் முடிந்ததும் பூவாயி புத்தகத்தோடு கட்டிலுக்குப் போவாள். வீக்கம் வடிந்ததும் டாக்டர் மறுபடியும் காலை மடக்கச் சொல்லியிருந்தார். பொன்னுரங்கம் வலிக்குப் பயந்து முரண்டு பிடித்தான். பூவாயி ஒரு ஏற்பாடு செய்தாள். அவள் ஒரு சொல் வாசித்தால் அவன் ஒரு முறை மடக்க வேண்டும்.

“யா... னை... யா... னைக்கு...”

“மெதுவா வாசி புள்ளே. அவசரமே இல்லை.”

“முழுசா ஒரு சொல்லு ஆச்சு. மடக்கு.”

வார்டில் எல்லோரும் சிரிப்பார்கள். மின்விசிறிக்காகத் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், இப்போது யானை தும்முமா தும்மாதா என்று பந்தயம் கட்டிக்கொண்டு சண்டையை மறந்திருந்தார்கள். பொன்னுரங்கத்துக்கும் யானையின் கவலை பிடித்துக்கொண்டது. சில நாளில், “இன்னைக்கு ரெண்டு பக்கம் வாசி. மடக்கித் தொலைக்கிறேன்” என்று அவனே கேட்டான்.

யானை தும்மிய அன்று வார்டில் கைதட்டினார்கள். நர்ஸ் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் பொன்னுரங்கத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊன்றுகோலோடு அவன் தானாகவே நடந்தான். முழங்கால் நன்றாக மடங்கியது. பஸ் நிலையம் ஆஸ்பத்திரியை ஒட்டியே இருந்தது. வடிவாம்பாளும் அம்பலவாணரும் வழியனுப்ப வந்தார்கள்.

பொன்னுரங்கம் பெஞ்சில் உட்கார்ந்தான். அவர்கள் ஊர் ஈச்சங்காட்டுப்பட்டி. வரும்போது அவர்களை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். எந்த பஸ், எங்கே நிற்கும் என்று இருவருக்கும் தெரியாது.

“நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று அம்பலவாணர் கிளம்பினார்.

“நானே பார்க்கிறேன் ஐயா” என்றாள் பூவாயி.

ஒரு பஸ் வந்து நின்றது. பூவாயி அதன் முன்னால் போய் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தாள். அம்பலவாணர் பெஞ்சருகிலிருந்தே ஒரு பார்வையில் வாசித்துவிட்டார். அவர்கள் பஸ்தான்.

“ஈ... ச்... ஈச்... ச...”

ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

“ஈச்சங்... கா... ட்...”

அம்பலவாணர் ஓர் அடி முன்னால் வைத்தார். வடிவாம்பாள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விசில் ஒலித்தது. பூவாயி விலகி நின்றாள். பலகை நகர, அவள் கண்ணும் கூடவே நகர்ந்தது. பஸ் வளைந்து சாலையைத் தொட்டபோது அவள் இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு கூவினாள்.

“பட்டி! ஈச்சங்காட்டுப்பட்டி! நம்ம ஊரு பஸ்சுங்க அது!”

“அது போயிருச்சே புள்ளே” என்றான் பொன்னுரங்கம்.

அவள் போகிற பஸ்ஸைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் நழுவிக் கீழே விழுந்தது.

அம்பலவாணருக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்ன அம்மா இது? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருப்பார்கள். அந்த ஊருக்கு அடுத்த பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.”

பூவாயி அதற்குள் அடுத்து வந்து நின்ற பஸ்ஸின் முன்னால் போய் அண்ணாந்து நின்றாள்.

வடிவாம்பாள் பெஞ்சில் நகர்ந்து அம்பலவாணருக்கு இடம் விட்டார்.

“உட்காருங்க ஐயா. ஒரு மணி நேரத்துல இன்னும் பத்து பஸ்சு வரும். எல்லாத்தையும் அவங்க வாசிக்கட்டும்.”