கோணல் ஜன்னல்

ஒரு ஊர்ல ஒரு... இல்ல, ஊரே கிடையாது. தெரு கிடையாது, கோயில் கிடையாது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அமெரிக்காவுல வெறும் புல்லுக்காடு. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் புல்லு. அதுக்கு நடுவுல ஒரு வீடு, வீட்டுல ஒரு பொம்பளை. பேரு இங்கெர். டென்மார்க்லேருந்து கப்பல் ஏறி வந்தவ.

ஏன் வந்தாள்னு கேக்காத, நானே சொல்றேன். அவ ஊர்ல அவளுக்கு ஒரு சாண் நிலம் இல்ல. இங்க சர்க்கார் சும்மா குடுத்துது. சும்மான்னா சும்மா இல்ல. அஞ்சு வருஷம் அதே நிலத்துல குடியிருக்கணும், உழணும், வீடு கட்டணும். வீட்டுக்குக் கதவு இருக்கணும், கண்ணாடி போட்ட ஜன்னல் இருக்கணும். அஞ்சாம் வருஷம் ஆபீசர் குதிரையில வந்து பாப்பார். ஒண்ணு குறைஞ்சாலும் நிலம் போச்சு. புரிஞ்சுதா? ம் கொட்டு.

"ம்."

மரமே இல்லாத இடத்துல வீட்டை எதுல கட்டுறது? மண்ணுலதான். புல்லும் வேருமா மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். இங்கெரும் அவ புருஷன் லௌரிட்ஸும் அடுக்கினாங்க. தொப்பு, தொப்பு, தொப்பு. சுவரு ஒன்றரை முழக் கனம்.

லௌரிட்ஸ் வேலையில சுத்தம். அவன் ஊரு கடலோரம், எந்நேரமும் ஊசிக் காத்து. அங்க ஜன்னல் வச்சா ஒரு முடி நுழையுற இடுக்குகூட விடமாட்டாங்க. இங்கயும் அப்படியே இறுக்கி வச்சான். அங்கதான் தப்பு. அவங்க ஊர்ல செங்கல் சுவரு, நின்னது நின்னபடி நிக்கும். இந்த மண்ணு சுவரு காயக் காய உக்காரும். ஜன்னலுக்கு மேல ஒரு கை அகலம் விட்டு, அதுல கந்தலைத் திணிக்கணும். புதுசா வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

பக்கத்து நிலத்துக்காரன் ஹார்லனுக்குத் தெரியும். குதிரை மேல உக்காந்து, அவங்க ஜன்னல் வைக்கிறதை முழுசாப் பாத்தான். ஒரு வார்த்தை சொல்லல, படுபாவி.

கோடை முடியுறதுக்குள்ள சுவரு உக்காந்துது. ஜன்னல் சட்டம் நெரிஞ்சு ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு. கண்ணாடி படார்!

ஹார்லன் வந்து சிரிச்சான். "என்ன டென்மார்க்கு, உங்க ஊர்ல எல்லாரும் எலி வளையிலயா குடியிருக்கீங்க?"

இங்கெர் உடைஞ்ச கண்ணாடியைப் பொறுக்கினா. பல்லைக் கடிச்சா.

அப்புறம் ரெண்டாவது கண்ணாடி. புதுச் சட்டம் செய்யப் பலகை இல்ல, அதனால அந்தக் கோணல் சட்டத்துலயே, சந்துக்கு மண்ணு பூசி மாட்டினாங்க. இந்தத் தடவை மேல கந்தல் அடைச்சாங்க. நின்னுது. அப்போ ஒரு நாள் வானம் கறுத்துது. ஆலங்கட்டி, ஒவ்வொண்ணும் கோழிமுட்டை அளவு. தடதடதடன்னு! கோதுமையும் போச்சு, கண்ணாடியும் போச்சு. அந்தக் குளிர்காலத்துலயே காய்ச்சல்ல லௌரிட்ஸும் போயிட்டான். இங்கெர் அழுதா. அப்புறம் எழுந்து போய் மாட்டைக் கறந்தா. மாடு காத்திருக்குமா? தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் மூணாவது. ஒரு கோடை முழுக்க வெண்ணெய் கடைஞ்சு, அதைக் கடைக்காரன்கிட்ட குடுத்து, பதிலுக்கு ஒரே ஒரு கண்ணாடி வாங்கினா. கண்ணாடி சதுரம். சட்டம் கோணல். என்ன பண்றது? ஓரத்தைத் தண்ணி விட்டுக் கல்லுல தேய்ச்சா. கறக், கறக், கறக். ஒம்பது நாள். விரலெல்லாம் ரத்தம். கடைசியில கண்ணாடியும் சட்டம் மாதிரியே கோணலாச்சு, கச்சிதமா உக்காந்துது. சுவரும் அதுக்குள்ள முழுசா உக்காந்து, கந்தல் அடைச்ச சந்தும் மூடிக்கிச்சு. வீட்டுக்குள்ள வெயில் வந்துது.

அஞ்சு வருஷம் முடிஞ்சுது. ஆபீசர் வர நாலு நாள் இருக்கு. இங்கெர் மாட்டை ஓட்டிக்கிட்டு ஓடைக்குப் போனா. திரும்பி வந்து பாத்தா, சுவத்துல ஓட்டை. சட்டத்தோட ஜன்னலைக் காணோம். காத்து உய்ய்யுன்னு உள்ள போவுது.

"யாரு தாத்தா எடுத்தா?"

யாரா? வேற யாரு இருக்கா இந்தக் கதையில?

மறுநாளே ஹார்லன் வந்து நின்னான். "ஜன்னல் போச்சாமே?"

யார்கிட்டயும் அவ சொல்லவே இல்ல! அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. அடக்கிக்கிட்டா.

"நான் உதவி பண்றேன்"னான். அவன்கிட்ட சக்கரம் வச்ச மர வீடு ஒண்ணு உண்டு. ஆபீசர் எந்த நிலத்துக்கு வர்றாரோ அந்த நிலத்துக்கு அதை இழுத்துட்டுப் போய் நிறுத்துவான். ஏமாத்து வேலை. "அன்னிக்குக் காலையில இங்க கொண்டாந்து நிறுத்துறேன். அதுல ஜன்னல் இருக்கு. பதிலுக்கு உன் நிலத்து ஓடைக்கரை எனக்கு."

ஓடை போனா மாட்டுக்குத் தண்ணி ஏது, அவளுக்குத்தான் ஏது? இங்கெர் அவனையே பாத்தா.

"கொண்டா. ஆனா இது என் வீடுன்னு ஆபீசர்கிட்ட நீதான் சொல்லணும். எனக்கு உங்க பாஷை சரியா வராது."

"அதான் தெரியுமே!"ன்னு சிரிச்சுக்கிட்டே போனான்.

அந்த நாளும் வந்துது. கடகட, கிறீச், கடகடன்னு மாடு கட்டி வீட்டை இழுத்துட்டு வந்தான். அவ பாத்தா. அதுல இருக்கறது அவ ஜன்னல்! நேரான பலகைச் சுவத்துல கோணலா நிக்குது, சுத்திச் சந்துல கோணித்துணி திணிச்சிருக்கு. இங்கெர் உள்ள போய்க் கடப்பாரையைக் கொண்டாந்து பக்கத்துல சாத்தி வச்சா.

ஆபீசர் வந்தார். குதிரையை விட்டு இறங்கக்கூட இல்ல. "யார் வீடுய்யா இது?"

"இந்தம்மா வீடுங்க. நான் சாட்சி"ன்னான் ஹார்லன்.

ஆபீசர் எழுதினார்.

"எழுதிட்டீங்களா?"ன்னு கேட்டா இங்கெர்.

"எழுதியாச்சும்மா."

உடனே கடப்பாரையை எடுத்தா. படக்! படக்! படக்! மூணே போடு. ஜன்னல் சட்டத்தோட கையில வந்துது.

ஹார்லன் குதிச்சான். "ஏய், என் ஜன்னல்!"

"உன் ஜன்னலா?" ஆபீசர் திரும்பினார். "இப்பத்தானேய்யா இந்தம்மா வீடுன்னே?"

ஹார்லன் ரெண்டடி பின்னால போனான்.

இங்கெர் ஜன்னலைத் தூக்கிட்டுப் போய் மண்ணு சுவத்து ஓட்டையில வச்சுத் தள்ளினா. சளக்! உக்காந்துது. அப்போதான் ஆபீசர் குதிரையை விட்டு இறங்கினார். சுவத்தோட ஓரம் சுத்தி விரலை ஓட்டினார். நகம்கூட நுழையல. அந்தக் கோணல் ஓட்டைக்கு அந்தக் கோணல் ஜன்னல், வேற எதுவும் பொருந்தாது.

"இவ்வளவு கோணலா எவன் செஞ்சான்?"

"என் புருஷன்"னா இங்கெர். அவர் பாஷையிலேயே, நிமிந்து நின்னு.

அவர் கதவைப் பாத்தார், அடுப்பைப் பாத்தார், அஞ்சு வருஷப் புகை படிஞ்ச கூரையைப் பாத்தார். கையெழுத்துப் போட்டார். நிலம் அவளுது. ஓடையும் அவளுது.

"அப்போ அந்த மர வீடு எதுக்கும்மா?"

"கோழிக்கு."

ஆபீசர் தலை மறைஞ்சதும் ஹார்லன் கெஞ்சினான். "என் வீட்டை நான் இழுத்துட்டுப் போறேன்."

"உன்னுதா? ஆபீசரைக் கூப்பிடு. கூப்பிட்டு, பொய் சாட்சி சொன்னேன்னு சொல்லு. அப்புறம் எடுத்துக்க."

அவன் மாட்டை மட்டும் ஓட்டிக்கிட்டுப் போனான்.

"அவ கோபம் போயிடுச்சா தாத்தா?"

ஏன் போகணும்? ஒம்பது நாள் கல்லுல தேய்ச்சவ அவ. சாகற வரைக்கும் அவன் மூஞ்சியில முழிக்கல. வருஷம் பூரா ஹார்லன் அந்தப் பக்கம் போறப்பல்லாம், அவன் மர வீட்டு ஓட்டையில ஒரு சேவல் தலையை நீட்டி, கொக்கரக்கோன்னு கத்தும்.

அவ்வளவுதான். கோழியெல்லாம் அடைஞ்சாச்சு, ஜன்னலும் சாத்தியாச்சு. நீ கண்ணை மூடு.