எந்தப் பாய்?

ஏரிக்கரைப் புதரில் ஒரு கீரி இருந்தது. அதன் பெயர் செவலை. அதற்கு ஒரு படகு உண்டு. கீரிக்கு ஏது படகு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கரைக்கும் ஏரியின் நடுவே இருந்த மண்திட்டுக்கும் போய்வருகிறவர்களை அதுதான் ஏற்றிப்போகும்.

அந்தத் திட்டில் சாம்பி என்ற முயல் மூன்று குட்டிகளை ஈன்று வைத்திருந்தது. நரி வராத இடம் என்று பார்த்துத்தான் வைத்தது. அந்தி சாயும் நேரம் படகில் போய்ப் பால் கொடுத்துவிட்டு, இரை தேடக் கரைக்குத் திரும்பும்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஏற ஏறத் திட்டு சிறுத்துக்கொண்டே வந்தது.

"செவலையண்ணே, நாளைக்குக் குட்டிகளை இங்கே கொண்டுவந்துடணும். அதுக்கப்புறம் திட்டே இருக்காது" என்றது சாம்பி.

"வர்றதுக்கு நான் தயார். படகு தயாரா இருக்கணுமே" என்றது செவலை. ராத்திரி மழை பெய்தால் படகு தொட்டியாகிவிடும். அதைக் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டவே பாதி நாள் போய்விடும்.

மேலே ஒரு பாயைப் போட்டு மூடிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே விழாது என்று செவலை யோசித்தது. பக்கத்தில் கொட்டான் என்ற தவளை உட்கார்ந்திருந்தது.

"கொட்டான், தூக்கணாங்குருவி பின்னியக்காகிட்டப் போ. படகுக்கு ஒரு பாய் வேணும்னு சொல்லு."

பாய் என்றதும் தவளை தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டது. தவளைக் குலத்தில் அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் பொருள்.

"உன்னை எவன் குதிக்கச் சொன்னான்? பாய், பாய்!" என்று கத்தியது செவலை. தவளை கரையேறி இன்னொரு முறை குதித்தது. செவலை தலையில் அடித்துக்கொண்டு, கோரைப்புல்லைக் கிள்ளிப் பின்னிக் காட்டிய பிறகுதான் விஷயம் அதன் மண்டையில் ஏறியது. அதுவும் பாதிதான்.

தவளை போய்ப் பின்னியிடம் சொன்னது: "படகுக்குப் பாய் வேணுமாம். கோரையில் பின்னணுமாம்."

"எதுக்கு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று தவளை எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்ல அதற்கு வெட்கம். "படகுக்குத்தான்" என்றது.

படகுக்குப் பாய் என்றால் காற்றில் விரித்துக் கட்டுகிற பாய்தானே? பின்னி அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கூட்டத்தையே கூப்பிட்டது. இருநூறு குருவிகள் சேர்ந்து, காற்று ஒரு பொட்டும் ஒழுகாதபடி நெருக்கிப் பின்னின. அதை விரித்துக் கட்ட ஒரு நீளமான மூங்கிலும் சேர்த்து, பொழுது சாயும்முன் கரையில் போட்டுவிட்டுப் பறந்தன. செவலை அப்போது அங்கே இல்லை.

வந்து பார்த்த செவலைக்கு வாயெல்லாம் பல். "என்ன நெருக்கம் பாரு! படகு தள்ளப் புதுக் கழியும் கொடுத்திருக்காங்க. தங்கமான மனசு" என்றது.

படகின் மேல் பாயைத் தட்டையாக விரித்துக் கட்டியது. ராத்திரி மழை கொட்டியது. பாயின் நடுவில் தண்ணீர் தேங்கிக் குழி விழுந்தது. குழி கனத்துத் தொங்கி, ஒரு பக்கம் கட்டு நழுவி, அத்தனை தண்ணீரும் படகுக்குள்ளேயே கொட்டியது. விடிந்ததும் செவலை கொட்டாங்கச்சியைத் தேடியது.

"பாய் போட்டும் நனையுதே?" என்றது தவளை.

"தட்டையா போட்டதுதான் தப்பு. முன்னாடி உயரம், பின்னாடி தாழ்வா கட்டினா தண்ணி வழிஞ்சு ஓடிடும்" என்றது செவலை. நான்கு குச்சிகளை நட்டு அப்படியே கட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாம்பிகூட, "குட்டிகள் நனையாமல் வரும்" என்று சந்தோஷப்பட்டது.

மத்தியானம் சாம்பியும் தவளையும் ஏற, படகு கிளம்பியது. திட்டில் மூன்று குட்டிகளும் கால் நனைய ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றைத் தூக்கிக் கூரைக்கடியில் உட்காரவைத்துவிட்டு, செவலை படகைக் கரைப் பக்கம் திருப்பியது. அந்த நேரம் பார்த்து எதிர்க்காற்று எழுந்தது.

உயர்ந்திருந்த முன்பக்கம் வழியாகக் காற்று உள்ளே புகுந்தது. பாய் உப்பிக்கொண்டது. செவலை முன்னால் தள்ளுகிறது, படகோ பின்னால் ஓடுகிறது! எது முன், எது பின் என்று படகில் ஒருவருக்கும் புரியவில்லை. சொல்கிற எனக்கே தலை சுற்றுகிறது.

பின்னால் இருந்தது கலிங்கு. நிறைந்த ஏரியின் தண்ணீர் அதன் வழியாகத்தான் வழிந்து பாறையில் விழும். அந்த இரைச்சல் நெருங்கி வந்தது.

செவலைக்கு அப்போதுதான் மேலே பார்க்கத் தோன்றியது. பயத்தில் வாய் குழறியது. "பாய்... பாய்..." என்றது.

தவளை உடனே தண்ணீரில் பாய்ந்துவிட்டது. அதைப் பார்த்த மூத்த குட்டியும் படகு விளிம்பில் முன்கால்களை வைத்தது. நீந்தத் தெரியாத குட்டி. சாம்பி அதன் பிடரியைக் கவ்வி உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டது.

"எந்தப் பாயைச் சொல்றீங்க? குதிக்கணுமா?"

"ஐயோ, குதிக்காதே! மேலே கட்டியிருக்கே, அந்தப் பாய். அதை அவுத்து விடு!"

சாம்பி முடிச்சை இழுத்தது. நனைந்த கயிறு இறுகிக் கிடந்தது. சாம்பி முன்பற்களால் கயிற்றைக் கடித்தது. ஒரு கயிறு அறுந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகைச் சுற்றவைத்தது. குட்டிகள் கீச்சிட்டன. சாம்பி காதில் வாங்காமல் மற்றவற்றையும் அறுத்தது. பாய் பறந்து கலிங்குக்கு அப்பால் பாறையில் விழுந்தது. செவலை கழியைச் சேற்றில் ஊன்றி, அதன்மேல் தன் உடம்பையே சாய்த்தது. படகு நின்றது. கலிங்குக்கு நான்கு முழம்தான் பாக்கி.

அப்புறம் மழை வந்தது. சாம்பி மூன்று குட்டிகளின் மேலும் கவிந்து படுத்துக்கொள்ள, செவலை கரையோரமாகவே தள்ளித் தள்ளி வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் செவலை தானே பின்னியிடம் போனது. பின்னிக்குக் கோபம். "மழைக்கு மூடவா கேட்டாய்? அதைச் சொல்ல வேண்டியதுதானே? நான் காற்றைப் பிடிக்கவல்லவா பின்னினேன்?" என்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. படகு நிற்கும்போதா, ஓடும்போதா? மழைக்கா, வெயிலுக்கா? உள்ளே யார் உட்காருவார்கள்?

செவலை விழித்தது, யோசித்தது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது.

நிற்கும் படகுக்குப் பின்னி ஒரு மூடி பின்னியது. நடுவில் மூங்கில் வைத்து இருபுறமும் சரித்து, மரம் மக்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் காற்றுக்கு வழி விட்டது. ஓடும் படகுக்கு, குட்டிகள் உட்காரும் இடம் அளவுக்கு மட்டும் தாழ்வாக ஒரு கூண்டு. காற்று வந்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும்.

திரும்பும் வழியில் செவலை சாம்பியைப் பார்த்தது. "அந்த நேரத்தில் நின்னு கேள்வி கேக்க உனக்கு எப்படிம்மா தோணிச்சு? எனக்குப் பேச்சே வரலையே" என்றது.

"எனக்கும் பயம்தான் அண்ணே. கேட்டா ஒரு நொடிதான் போகும். கேக்காம குதிச்சிருந்தா என் மூணு பிள்ளைங்களும் போயிருக்கும்" என்றது சாம்பி.

எதற்கு வேண்டும் என்று விளங்கச் சொல்லாதவனுக்கும், விளங்காமலே தலையாட்டுகிறவனுக்கும் நல்ல பொருளே கேடாய் முடியும்.