நாலாவது கோப்பை

கோயம்புத்தூரில், தானே கொட்டை வறுத்து விற்கும் ஒரு சின்னக் காபிக் கடையில் காபி போடுபவள் தெய்வானை. அன்று பத்திரிகையில் உணவு விமர்சனம் எழுதும் சந்தானகோபால் வந்து, ஆரஞ்சு மணத்துக்குப் பேர்போன, ஏற்காட்டில் ஒரே ஒரு தோட்டத்தில் விளைந்த காபியைக் கேட்டு, மூன்று கோப்பைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஆரஞ்சு மணமே இல்லையே! இப்படியே எழுதிடுவேன்."

முதலாளி பதறினார். "நாலாவதும் திரும்பி வந்துச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே, தெய்வானை."

அவளுக்குப் பொறுமை தீர்ந்துபோனது. வடிகட்டும் காகிதத்தை விரித்து, வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். பீங்கான் ஜாடியில் இறங்கியதை அவர் மூக்கருகே நீட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். "ஆகா! இதுதான் ஆரஞ்சு மணம்! இப்பத்தான் பக்குவம் வந்திருக்கு!"

"சாருங்க, இன்னும் தூளே போடலீங்க. காகிதத்தைத்தான் நனைச்சிருக்கேன்."

கடையே சிரித்தது. பிறகு தூள் போட்டு வந்த காபியை அவர் அடிவரை குடித்தார்.