அழுகைக்குத் தடை போட்ட ராஜா

முன்னொரு காலத்திலே வெண்குன்றம் என்கிற சீமையை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் வெயில், நினைத்தால் மழை என்கிற குணம். மந்திரி அம்பலவாணர் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், ஒரு மலைக்கணவாய்க்காகப் படையெடுத்தான், ஜெயித்தான். போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. அம்பலவாணரின் ஒரே மகன் செழியனும் திரும்பவில்லை.

ஊரெல்லாம் ஒப்பாரி. தளபதி மழவராயருக்கு அது பொறுக்கவில்லை. மந்திரி மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை வேறு. "மகாராஜா, ஜெயித்த நாட்டில் அழுகுரலா? எதிரி கேட்டால் நாம் தோற்றோம் என்றல்லவா நினைப்பான்!" என்று தூபம் போட்டார்.

"இனி ஒருவரும் அழக்கூடாது. அழுதால் நாக்கை அறு!" என்று ராஜா ஆணையிட்டுவிட்டான்.

மந்திரியின் மனைவி விசாலாட்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மந்திரியோ தினமும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு சபைக்குப் போய்வந்தார்.

ஒருநாள் காத்தாயி என்கிற ஒப்பாரிக்காரியைக் கையைக் கட்டி இழுத்துவந்தார்கள். போரில் செத்த புருஷனுக்காக வீட்டுக்குள்ளே பாடினாளாம்.

"மந்திரியாரே தீர்ப்புச் சொல்லட்டும்," என்றார் மழவராயர் குத்தலாக.

அம்பலவாணர் எழுந்தார். "சட்டம் சட்டம்தான், பிரபு. ஒரே ஒரு சந்தேகம். தாங்கள் நூறு வயது வாழ்ந்து சிவபதம் சேரும் நாளிலும் இந்த ஆணை உண்டா?"

"உண்டு! எனக்கு மட்டும் தனிச்சட்டமா?"

"அது எப்படி இருக்குமென்று இன்றே பார்த்துவிடலாமே. சற்றே கண்ணை மூடிப் படுங்கள்."

ராஜாவுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. சபை நடுவிலே படுத்தான். வெள்ளைத் துணி போர்த்தினார்கள்.

"ராஜா போய்விட்டார்! மழவராயரே, முதல் மரியாதை தங்களுடையது," என்றார் மந்திரி.

தளபதி திருதிருவென்று விழித்தார். அழுதால் நாக்குப் போகும். "வெற்றி! வெற்றி!" என்று கத்திவைத்தார். பேரிகை முழங்கியது. சர்க்கரை வழங்கினார்கள். யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். துணிக்குள்ளே ராஜாவுக்கு உடம்பு சில்லிட்டது.

அப்போது காத்தாயி கட்டிய கையோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"என்னடி செய்கிறாய்?" என்று அதட்டினார் மழவராயர்.

"அனாதையா அனுப்பலாங்களா சாமி? இதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே," என்றவள் குரலெடுத்தாள்:

"பொன்னால தொட்டிலிட்டுப் போட்டாளே உன் ஆத்தா,
மண்ணாள வந்த மகன் மண்ணுக்குள்ள போறானே..."

துணி குலுங்கியது. ராஜா விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.

"பிரபு," என்றார் மந்திரி மெல்ல, "இப்போது யாருடைய நாக்கை அறுப்பது?"

ராஜா எழுந்து காத்தாயியின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தான். ஆணை அன்றோடு போயிற்று. செத்தவர் வீடு ஒவ்வொன்றுக்கும் மழவராயர் வெறுங்காலோடு போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மந்திரியின் கழுத்தில் ராஜாவே முத்துமாலையைப் போட்டான்.

அம்பலவாணர் வீட்டுக்கு ஓடினார். விசாலாட்சி அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"விசாலம், இனி அழலாம். ராஜா உத்தரவு கொடுத்துவிட்டார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வரலியே. அடக்கி அடக்கி உள்ளேயே வத்திப்போச்சு," என்றாள். "அது திரும்பி வரவும் உங்க ராஜாகிட்ட ஒரு உத்தரவு வாங்கிக் கொடுங்களேன்."

வெளியே தெருத்தெருவாக அழுகுரல் எழும்பிக்கொண்டிருந்தது. ராஜாவையே மடக்கிய மந்திரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளுக்கும் சேர்த்து அவரே அழுதார்.