வங்கி வாய் திறந்த கதை

மஞ்சக்கோட்டை சமஸ்தானத்தில் அளவைக் கச்சேரி என்று ஒன்று இருந்தது. நிலம், குளம், மதில் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டதால் அங்கே மூன்று பேர் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் மயிலேறு. அவருக்குக் கீழே பூவலிங்கமும் தொப்பளானும். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். சொன்ன சொல்லைத் தாண்டி ஒரு அங்குலம் யோசிக்கவும் மாட்டார்கள்.

அதே ஊரில் சமஸ்தான வங்கி இருந்தது. யார் யாருக்குக் கடன் கொடுத்தாலும் வங்கி சொன்ன வட்டிதான். அவ்வப்போது வங்கித் தலைவர் தாண்டவராயர் வாசலில் வந்து நின்று வட்டியை முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஏன் ஏற்றினார், இனி ஏறுமா இறங்குமா, ஒன்றும் சொல்ல மாட்டார்.

தறி வாங்கக் கடன் எடுக்க நினைத்த நெசவுக்காரி பொன்னுருவி திவானிடம் முறையிட்டாள். வட்டி ஏறப்போகிறதென்றால் பழைய தறியையே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொள்வேன், அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாள்.

திவானுக்கு நியாயமாகப் பட்டது. அளவைக் கச்சேரிக்காரர்களைக் கூப்பிட்டு, “வட்டி விஷயத்தில் இந்த வங்கி எவ்வளவு வாய் திறக்கிறது? அன்றைக்கு எப்படி, இன்றைக்கு எப்படி? அளந்து சொல்லுங்கள்” என்றார்.

மூவரும் அளவுகோலோடு கிளம்பினார்கள்.

வங்கிக்கு வாய் எது என்பதில் முதலில் சிக்கல் வந்தது. தொப்பளான் கதவுதான் என்றான். அளந்தும் விட்டார்கள். அப்புறம் பூவலிங்கத்துக்குச் சந்தேகம். கதவு தினமும் திறக்கிறது, வட்டிக்கென்று தனியாகத் திறக்கவில்லையே என்றான். வட்டியைச் சொல்வது தலைவரின் வாய், ஆகவே அதைத்தான் அளக்க வேண்டும் என்று மயிலேறு தீர்ப்புச் சொன்னார்.

அன்றைக்கு இருந்த தலைவர்கள் பெரும்பாலும் செத்துப்போயிருந்தார்கள். ஆனால் வங்கிக் கூடத்தில் அவர்களுடைய படங்கள் தொங்கின. ஏணி வைத்து ஏறி அளந்தார்கள். எல்லாரும் உதட்டை இறுக்கி மூடியிருந்தார்கள். பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே வந்தவர்கள் ஒரு பெரிய மீசைக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

“அண்ணாச்சி, இவருக்கு வாயே தெரியலையே” என்றான் தொப்பளான்.

“மீசைக்குப் பின்னால இருக்கும்.”

“இருந்தா காட்ட வேண்டியதுதானே? இது மூடுனதுல சேராது. மறைச்சதுல சேரும்.”

மயிலேறு யோசித்துப் பார்த்து, அவருக்குப் பூஜ்யத்தைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டார்.

முந்தைய தலைவர் மட்டும் உயிரோடு இருந்தார். இவர்கள் போனபோது மத்தியானத் தூக்கம். வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான்கு விரற்கடை. அவர் காலம்தான் வங்கியின் பொற்காலம் என்று மூவரும் மனம் உருகித் திரும்பினார்கள்.

இது தாண்டவராயர் காதுக்கு எட்டியது. தமக்கு அளவு குறைந்தால் பதவி போய்விடும் என்று பயந்துபோனார். அடுத்த அறிவிப்பு நாளில் தெருவே நிறைந்து நிற்க, முடிந்த மட்டும் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தொப்பளான் முக்காலி மேல் ஏறி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே கோலை நிறுத்தினான். தாண்டவராயர் கோலோடேயே வட்டியை அறிவித்தார். அவர் சொன்னது ஆறு. கேட்டது “ஆ”.

பூவலிங்கம் குனிந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மூன்றரை” என்றான்.

நூற்றுக்கு மூன்றரை என்று ஊர் எடுத்துக்கொண்டது. தாண்டவராயர் கோலைப் பிடுங்கிப் போடுவதற்குள் தெரு காலி. பொன்னுருவி அன்றைக்கே கடன் எடுத்துத் தறி வாங்கிவிட்டாள். வங்கி சொன்னது ஜனங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது இதுதான் முதல் தடவை என்று திவானுக்கும் பரம திருப்தி. இனி இப்படியே நடக்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

அதற்கடுத்த முறை தாண்டவராயருக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, ஒரு விரற்கடைக்கு மேல் திறக்க முடியவில்லை. வட்டி ஒன்றுக்கு இறங்கியது. லேவாதேவிக்காரர்கள் பதறிப்போய் அவர்கள் செலவிலேயே வைத்தியரைக் கூட்டிவந்தார்கள்.

ஊர் சுதாரித்துக்கொண்டது. அறிவிப்பு நாள் வந்தால் நெசவாளர்கள், பல் ஒட்டிக்கொள்ளட்டும் என்று தலைவருக்குக் கமர்கட் அனுப்பினார்கள். லேவாதேவிக்காரர்கள் ஓர் ஆளை அனுப்பி, வங்கியின் பழைய ஆண்டறிக்கைகளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வைத்தார்கள். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

ஒரு முறை இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. பாதிக் கொட்டாவியில் கமர்கட் பல்லில் மாட்டி, வாய் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கமர்கட்டைக் கழித்து அளப்பதா, சேர்த்து அளப்பதா என்று மூவரும் அங்கேயே ஆலோசித்தார்கள்.

“உள்ளதை உள்ளபடி சொல்றதுதான் நம்ம வேலை” என்றார் மயிலேறு.

பூவலிங்கம் கூட்டத்தைப் பார்த்து, “இரண்டு, நடுவில் ஒரு கமர்கட்” என்று அறிவித்தான்.

அன்று சாயங்காலம் பொன்னுருவி நூற்றுக்கு இரண்டு ரூபாய் எண்ணி வைத்து, அதன்மேல் ஒரு கமர்கட்டையும் வைத்தாள். கடன் கொடுத்தவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போன மாச பாக்கிக்கும் சேர்த்து இன்னொண்ணு வரணுமே” என்றார்.