மடியில் ஒரு தர்ப்பூசணி

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். நகைக்கடை கொம்பையாவுக்கு வெறும் மடியோடு நடந்தாலும் பயம்தான்.

முன்பு தங்கையின் மூத்த மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது, யார் கண்ணிலும் படக்கூடாதென்று சீர் நகையை இடுப்பில் முடிந்துகொண்டு விடியற்காலையில் தனியாகக் கிளம்பினார். ஊர் எல்லையில் பைக்கில் வந்த இரண்டு பேர் அவரைத் தள்ளிவிட்டுப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய்மாமன் வெறுங்கையோடு போய் நின்ற அந்தக் காலையை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது.

நாளை இளைய மகளுக்குக் காதுகுத்து. இந்த முறையும் தனியாகத்தான் போகப்போகிறார். ஆனால் இடுப்பில் ரிவால்வர் இருக்கும். லைசென்ஸ் வந்துவிட்டது. துப்பாக்கிக் கடையில் இரண்டை எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் எது வேண்டுமென்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அதைக் கேட்கத்தான் எஸ்தர் டீச்சரிடம் வந்தார். போலீஸில் இருந்துவிட்டு வந்து, பழைய கல்குவாரிப் பள்ளத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர். கொம்பையாவைவிட வயதில் இளையவர். கொம்பையா வந்தபோது டீச்சர் ஒரு தர்ப்பூசணியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், குதிரை உள்ளது நல்லதா, இல்லாதது நல்லதா?”

குதிரை என்பது ரிவால்வரின் முதுகில் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சுத்தி. இல்லாத வகையில் அது உள்ளே மறைந்திருக்கும்.

டீச்சரிடம் இரண்டு வகையும் இருந்தன. குண்டு இல்லையென்று திறந்து காட்டிவிட்டு, குதிரை உள்ளதை கொம்பையாவின் ஜிப்பாப் பையில் போட்டார்.

“எடுங்க அண்ணாச்சி.”

குதிரை பைத்துணியில் மாட்டிக்கொண்டது. கொம்பையா வெடுக்கென்று இழுத்தார். பை கிழிந்து, மருமகளுக்கு வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாய் முதலில் வந்து விழுந்தது. ரிவால்வர் பிறகு வந்தது.

“திருடனுக்கு மிட்டாய் குடுத்துட்டுத்தான் சுடுவீங்க போல,” என்றார் டீச்சர்.

அடுத்து குதிரை இல்லாததை மறு பையில் போட்டார். எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது.

“அப்போ இதுதான் நல்லது.”

“சுட்டுப் பாருங்க.” டீச்சர் குண்டு போட்டுக் கொடுத்தார்.

விசை கனத்தது. கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இழுக்க இழுக்கக் குழல் ஆடியது. குண்டு எதிரே நட்டிருந்த குறி அட்டையை விட்டுவிட்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தது.

“குதிரை இருந்தா அதைப் பின்னால இழுத்து வச்சுக்கிடலாம். அப்புறம் விசையை லேசா அமுக்குனா போதும், குறி நிக்கும். இதுல மொத்தக் கனத்தையும் ஒவ்வொரு தடவையும் விரல்தான் இழுக்கணும்.”

“அது கெடுதல்தானே?”

“கை நடுங்குற நேரத்துல தெரியாம வெடிச்சிராதுல்லா. அது நல்லது.”

“அப்போ எதைத்தான் வாங்க டீச்சர்?” என்றார் கொம்பையா. “இந்தத் தடவையும் வெறுங்கையோட போய் நின்னா, என் தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்?”

டீச்சர் ரிவால்வரை வாங்கித் திறந்தார். குண்டுகளைக் கழற்றினார். வெறும் ரிவால்வரை அவர் இடுப்பில் செருகி, பெஞ்சில் உட்காரவைத்தார். தர்ப்பூசணியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

“இது உங்க மருமக. ஆசாரி காது குத்தப் போறாரு. கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க.”

கொம்பையா ஒரு கையால் அதன் தலையை அணைத்தார். மறு கையால் உடம்பைப் பிடித்தார். தாய்மாமன் மடி அல்லவா, முகத்தில் தானாகவே ஒரு களை வந்தது.

“திருடன் வந்துட்டான்,” என்றார் டீச்சர்.

கை இடுப்புக்குப் பாய்ந்தது. ரிவால்வர் எங்கும் மாட்டாமல் அழகாக வந்தது. தர்ப்பூசணி உருண்டுபோய்ப் பாறையில் விழுந்து பிளந்தது.

கொம்பையா ரிவால்வரைப் பார்த்தார். தர்ப்பூசணியைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. டீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ரிவால்வர்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, உடைந்த பழத்தை அள்ளி வந்து இருவரும் தின்றார்கள்.

“ரெண்டு கையும் பிள்ளைக்கு வேணும், சரி,” என்றார் கொம்பையா. முழங்கை வரை சாறு வழிந்தது. “போற வழியில நகைக்கு யாரு காவல்?”

டீச்சர் ஒரு விதையைத் துப்பினார்.

“உங்க ஊர்ல தாய்மாமன் சீர் எப்படி அண்ணாச்சி போகும்?”

“எப்படியா? தாம்பாளத்துல நகையைப் பரப்பி, சொந்தபந்தம் அத்தனை பேரும் சூழ்ந்து வர, தெரு முழுக்க வாசல்ல நின்னு பாக்க...”

கொம்பையா அப்படியே நிறுத்தினார்.

டீச்சர் கடைசிப் பத்தையை அவரிடம் நீட்டினார்.

“மேளத்துக்குச் சொல்லியாச்சா?”